இசோனேயின் கடைசி அறை

இசோனே ஊரில் கால் வைப்பதற்கு முன்பே ஜெசிந்தா அங்கே ஆறு வருடம் வாழ்ந்திருந்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர்களை ஸ்கேன் செய்யும் பிரிவில் அவளுக்கு வேலை. லாரி மெதுவாக உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியேறும். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் சாம்பல் நிறப் படமாகத் திரையில் விழும். பில்லில் முந்திரி என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது முந்திரிதானா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு படங்களாவது பார்ப்பாள். கல்யாணம் இரண்டே வருடத்தில் முறிந்து, அண்ணன் வீட்டு மாடியறைக்குத் திரும்பியபோது அவளுக்கு வயது இருபத்தேழு. அண்ணி நல்லவள்தான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்று ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் போனில் 'ஷியோஜி' என்ற விளையாட்டை ஆடத் தொடங்கினாள்.

ஷியோஜியில் சண்டை கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. ஒரு சின்னப் படகு. அதில் ஜப்பானின் மேற்குக் கரையோரமாக ஊர் ஊராகப் போய்க் கடிதங்களையும் பொட்டலங்களையும் கொடுக்க வேண்டும். அந்த ஊர்கள் கற்பனை இல்லை. ஆள் குறைந்துபோன நிஜ ஊர்களைச் சந்து சந்தாக அளந்து, அங்கிருப்பவர்களின் முகம், குரல், நடை எல்லாவற்றையும் பதிந்து, நிறுவனம் விளையாட்டுக்குள் நகலெடுத்து வைத்திருந்தது. இசோனேயில் நீலக் கதவு போட்ட முடிவெட்டும் கடை ஒன்று உண்டு. யார் உள்ளே போனாலும் கடைக்காரி செட்சுகோ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டியா? உட்காரு" என்பாள். தமிழ்ப் பதிப்பில் யாரோ ஒருத்தி கொஞ்சம் கரகரத்த குரலில் அதைப் பேசியிருந்தாள். அந்த இரண்டு சொற்களுக்காகவே ஜெசிந்தா தினமும் இசோனேக்குப் படகு விட்டாள்.

ஒவ்வொரு ஊரின் பெயருக்குக் கீழும் நகல் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் எண் இருக்கும். அது நூறைத் தொட்டால் உலகம் முழுக்க இந்த விளையாட்டை ஆடுகிறவர்களின் போன்களில் ஒரு மணி அடிக்கும். அதன் பிறகு அந்த ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம். இசோனே மூன்று வருடமாகத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டிலேயே நின்றது. பாக்கி இருந்தது ஒரே ஒரு இடம், செட்சுகோவின் கடைக்குப் பின்னால் உள்ள அறை. அந்தக் கதவை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. அதற்குள் என்ன இருக்கும் என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள்.

ஐந்து வருடம் சேர்த்து வைத்த லீவை மொத்தமாக எடுத்துக்கொண்டு ஜெசிந்தா ஜப்பானுக்குக் கிளம்பினாள். ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் கதிரேசன் காத்திருந்தான். காரைக்குடிப் பக்கத்துக்காரன், ஒன்பது வருடமாக ஒசாகாவில் மென்பொருள் வேலை. விளையாட்டில் ஐந்து வருடப் பழக்கம், நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. சுற்றுலாக்காரர்கள் போகும் கோயிலோ கோட்டையோ எதுவும் அவர்கள் திட்டத்தில் இல்லை. ஷியோஜியில் வரும் ஊர்களை மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு.

முதலில் கோதொமரி. போன வருடம் நூறைத் தொட்ட ஊர். பஸ் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றான் கதிரேசன். சாலையில் வெடிப்பு விழுந்து புல் முளைத்திருந்தது. ஊர் வாசலில் குளிர்பான இயந்திரம் ஒன்று விளக்கு அணைந்து நின்றது. விளையாட்டில் அதற்குப் பக்கத்தில் ஒரு கிழவர் எப்போதும் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்ன இது, ஆளே இல்லாம கெடக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"மாறிப் போயிட்டாக. டவுன்ல ஃபிளாட் குடுத்திருக்காக."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்," என்று சொல்லிவிட்டு அவன் மீன் ஏலக் கொட்டகையைப் படம் எடுக்கப் போனான். ஜெசிந்தா ஒரு வீட்டின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சுவரில் நாட்காட்டி போன ஜனவரியிலேயே நின்றிருந்தது. விளையாட்டில் அந்த வீட்டில் அவள் பலமுறை மீன் குழம்பு வாங்கிக் குடித்திருக்கிறாள்.

மறுநாள் இசோனே. ஊருக்குள் போகும் பஸ் வாரத்துக்கு மூன்று நாள்தான். அதை ஓட்டியவர் நிஷிமுரா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊரிலேயே இளையவர் அவர்தானாம். ரசிகர்கள் தங்கும் விடுதியும் அவருடையதுதான். ஏறும்போதே ஆளுக்கொரு கேமராவைக் கொடுத்தார். சட்டைப் பொத்தான் அளவு இருந்தது, நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். ஓடும்போது பச்சையாக ஒரு புள்ளி எரியும். நிறுவனத்தின் விதி அது. விடுதி அறையைத் தவிர வேறு எங்கேயும் கால் மணி நேரத்துக்கு மேல் அணைத்து வைத்தால் அனுமதி ரத்தாகிவிடும், ஊரைவிட்டுப் போக வேண்டும். பார்க்கிறவர்கள் பார்ப்பதெல்லாம் அப்படியே நகலில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பஸ் கடைசி வளைவில் திரும்பியதும் கடல் தெரிந்தது. ஜெசிந்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அலைத்தடுப்புச் சுவர், அதன் மேல் வரிசையாகக் காயும் கணவாய் மீன், மூன்றாவது வீட்டுக் கூரையில் கல் வைத்து அழுத்தியிருந்த தகரம். ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். வாசம்தான் புதுசு. அதுகூடப் புதுசு என்று சொல்ல முடியாது. தூத்துக்குடியில் இனிகோ நகர்க் கரையில் கருவாடு காயும்போது வீசும் வாசம்.

விடுதியில் மதியச் சாப்பாட்டின்போது நிஷிமுரா அவர்களோடு உட்கார்ந்தார். ஜெசிந்தா கோதொமரியைப் பற்றிக் கேட்டாள். அவர் கதிரேசனைப் பார்த்தார். பிறகு ஜப்பானிய மொழியில் நீளமாகப் பேசினார். ஜெசிந்தாவின் மொழிபெயர்க்கும் கருவி அறையில் பெட்டிக்குள் இருந்தது. கதிரேசன் மீனைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுதார்?"

"ஒண்ணுமில்ல. ஒப்பந்தத்தைப் பத்தி."

"முழுசாச் சொல்லுங்க கதிரேசன்."

அவன் குச்சிகளைக் கீழே வைத்தான். "எட்டு வருசத்துக்கு முன்னால இந்த ஊருக்கு வர்ற தண்ணிக் குழாய் உடைஞ்சிருச்சு. இருபது முப்பது பேருக்காக அதைச் சரிபண்ண அரசாங்கம் தயாரா இல்ல. அப்பத்தான் கம்பெனி வந்துச்சு. தண்ணி, ரோடு, பஸ், மாசம் ஒருவாட்டி டாக்டர், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம், ஊரை நகலெடுக்க விடுங்கன்னு. நகல் முடியிற வரைக்கும்."

"முடிஞ்சா?"

"தொண்ணூறு நாள். அப்பறம் தண்ணி வராது, பஸ் வராது. ஊர் பத்திரமா எடுத்து வெச்சாச்சுன்னு கணக்கு. எல்லாருக்கும் டவுன்ல ஒரே கட்டடத்துல ஃபிளாட். கோதொமரியிலேருந்து பதினாலு பேர் போனாகளாம். முதல் குளிர்காலத்துலயே அஞ்சு பேர் செத்துட்டாகன்னு சொல்றாரு."

"அப்ப அந்த அறை..."

"அது ஒண்ணுதான் பாக்கி. ஆள் இருக்கிற அறைக்குள்ள யாரும் சும்மா போக முடியாது. வீட்டுக்காரங்க தன் வாயால 'உள்ள வா'ன்னு கூப்பிடணும். அந்தக் குரல் பதிவாகணும். அந்தம்மா கூப்பிடுறதில்ல. இங்க பதினோரு பேர் இருக்காக. அந்த ஒரு கதவுல தொங்கிக்கிட்டிருக்காக."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒப்பந்தம் எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டிருக்கு. யாரும் படிக்கிறதில்ல." தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "எங்க ஊர்ல எங்க தெருவுல மட்டும் பதினெட்டு வீடு பூட்டிக் கெடக்கு. தூணை வித்தாக, கதவை வித்தாக, தரையில போட்ட கல்லைக்கூடப் பேத்து வித்தாக. ஒரு படம் கெடையாது. இந்த ஊரு இன்னும் அஞ்சு வருசத்துல எப்படியும் முடிஞ்சுரும். மிச்சம் ஒண்ணாவது முழுசா இருக்கட்டுமேன்னு நெனைக்கிறது தப்பா?"

நிஷிமுராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார். கதிரேசன் மொழிபெயர்த்தான்: "கையெழுத்துப் போடலாம்னு முதல்ல சொன்னது செட்சுகோதானாம். வேணாம்னு சண்டை போட்டது அவங்க வீட்டுக்காரர் இசாவோ. அடுத்த வருசமே அவருக்குப் பக்கவாதம் வந்திருச்சு. அந்த அறையிலதான் படுத்திருக்காராம்."

அன்று முழுக்க ஜெசிந்தா கடைப் பக்கம் போகவில்லை. அலைத்தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மற்ற ரசிகர்கள் ஆறேழு பேர், பிரேசில்காரி ஒருத்தி, கொரியாவிலிருந்து ஒரு ஜோடி, நீலக் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கதவு திறக்கவே இல்லை. ஊர்க்காரர்களும் அந்தப் பக்கம் வந்துபோவதை அவள் கவனித்தாள். கையில் முள்ளங்கியோடு ஒருவர், வெறுங்கையோடு ஒருவர். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று தலை குனிந்துவிட்டுப் போனார்கள். மரியாதைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளே போய்க் கதவைத் தட்டினாள். ஊரைவிட்டுப் போகுமுன் ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை. முன்கடையைத்தான் எப்போதோ நகலெடுத்துவிட்டார்களே, அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கதவைத் திறந்த செட்சுகோவுக்கு அறுபது வயது. விளையாட்டில் இருப்பதைவிட ஒல்லி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் கேட்டதை ஜெசிந்தாவின் காதில் இருந்த மொழிபெயர்க்கும் கருவி செய்தி வாசிப்பவரின் தமிழில் சொன்னது: "முடியா, புகைப்படமா?"

"முடிதான்," என்றாள் ஜெசிந்தா.

செட்சுகோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நெஞ்சில் எரிந்த பச்சைப் புள்ளியையும் பார்த்தாள். பிறகு வழிவிட்டாள்.

நாற்காலி அதேதான். கண்ணாடியின் மூலையில் அதே விரிசல். அடர்நீலத் துணியை உதறி ஜெசிந்தாவின் கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். சீப்பும் கத்தரியும் மட்டும் வேலை செய்தன. இருபது நிமிடம் போனது. இடது பக்கம் முடிந்து வலது பக்கம் தொடங்க வேண்டும்.

"உன் ஊரில் கடல் இருக்கிறதா?" என்று திடீரென்று கேட்டாள் செட்சுகோ.

"இருக்கு. வீட்டிலேருந்து நடந்து போற தூரம்தான்."

"ஆட்கள் இருக்கிறார்களா?"

"நெறைய இருக்காவ."

கருவி அதை எப்படிச் சொன்னதோ தெரியவில்லை. செட்சுகோ தலையாட்டினாள். கத்தரியை வைத்துவிட்டு, கழுத்துத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். பின்னறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். இரண்டு நிமிடம் இருக்கும். ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு திறந்தது.

"வா! உள்ளே வா! விழுந்துவிட்டார்!"

ஜெசிந்தா ஓடினாள். சின்ன அறை. ஜன்னல் திரை மூடியிருந்தது. மருந்து நெடியை மீறி இன்னொரு நெடி மூக்கில் ஏறியது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மனிதர் கிடந்தார். ஒரு காலத்தில் நல்ல உயரமாக இருந்திருக்க வேண்டும். இப்போது எலும்புதான் மிச்சம். கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது. ஜெசிந்தா தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்தாள், செட்சுகோ காலைப் பிடித்தாள். தூக்கிக் கட்டிலில் போட்டபோது சட்டை விலகி இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் தெரிந்தது. உள்ளங்கை அகலம். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கையெல்லாம் சீழ்.

அப்போதுதான் மணி அடித்தது. அவள் பையிலிருந்த போன். வெளியே தெருவில் ஆறேழு போன்கள். கோயில் மணி மாதிரி அவ்வளவு இனிமையான சத்தம். குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

தெருவில் யாரோ கைதட்டினார்கள். பிரேசில்காரி அழுதுகொண்டே சிரித்தாள். கதிரேசன்தான் முதலில் ஓடிவந்தான். "நெறைஞ்சிருச்சு! இசோனே நெறைஞ்சிருச்சு! யாரு..." என்றவன் முன்கடையில் பாதி முடி வெட்டிய தலையும் நனைந்த கையுமாக நின்றவளைப் பார்த்து நின்றுவிட்டான். "நீங்களா?" அவன் குரலில் முதலில் எட்டிப் பார்த்தது பொறாமை. அடுத்த நொடி அதற்காக அவனே வெட்கப்பட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

நிஷிமுரா அவனைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் போனார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வெளியே நின்றார்கள். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. ஒரு கிழவி மட்டும் ஜெசிந்தாவின் சட்டையில் இருந்த கேமராவை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஏதோ பூச்சியைத் தொடுவது போல.

"நா மறந்துட்டேன்," என்று ஜெசிந்தா எல்லோரிடமும் தமிழில் சொன்னாள். "சத்தியமா மறந்துட்டேன்." கருவி அதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லியது. அவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மதியம் ஆம்புலன்ஸ் வந்து இசாவோவை டவுன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. செட்சுகோ கூடவே போனாள். மாலைக்குள் நிறுவனத்திடமிருந்து ஜெசிந்தாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. இசோனேயை நிறைவு செய்தவர் என்று அவள் பெயரைத் துறைமுகக் கல்லில் பொறித்திருந்தார்கள். விளையாட்டில் உள்ள கல்லில். நாற்பதாயிரம் பேர் வாழ்த்தியிருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து அண்ணன் மகள் போனில், "அத்தை, நீங்க ஃபேமஸ் ஆயிட்டிய!" என்று கூவினாள்.

கடிதத்தோடு அவள் கேமரா பதிந்த படமும் வந்திருந்தது. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜெசிந்தா அதைப் போட்டுப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் தோன்றியது. எந்த இடத்தில் கேமராவைக் கழற்றியிருக்கலாம் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் இருபது நிமிடம் திரை முழுக்க நீலம். கழுத்துத் துணி கேமராவை மூடியிருந்தது. பிறகு துணி விலகுகிறது. கண்ணாடி தெரிகிறது. கண்ணாடியில் அவள் தலை, ஒரு பக்கம் குட்டையாக, ஒரு பக்கம் நீளமாக.

அவள் கை திரையில் நின்றது. இருநூறு பெட்டியில் ஒன்று பொருந்தாமல் கண்ணில் படும்போது நிற்குமே, அப்படி. முடி பாதியில் இருக்கிறது. கடைக்காரி இரண்டு நிமிடத்துக்கு உள்ளே போய்வரப் போகிறாள். துணியை ஏன் அவிழ்க்க வேண்டும்?

மேலே ஓட்டினாள். "உள்ளே வா!" கதவு. கட்டில். தரையில் இசாவோ. படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள். விழுந்து கிடந்த மனிதரின் தலைக்குக் கீழே தலையணை இருந்தது. நடுத்தலைக்குச் சரியாக. கைகள் இரண்டும் வயிற்றின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் கதிரேசன் கிளம்பிவிட்டான். வடக்கே இன்னொரு ஊர் தொண்ணூற்றெட்டில் இருக்கிறதாம். மற்ற ரசிகர்களும் அதே பஸ்ஸில் போனார்கள். "நீங்களும் வாங்களேன்," என்று ஒப்புக்குக் கூப்பிட்டான். அவள் வரவில்லை என்றாள். "உங்க மேல தப்பில்ல ஜெசிந்தா. யாரா இருந்தாலும் ஓடித்தான் இருப்பாங்க," என்றான். பஸ் ஏறப் போனவன் என்ன நினைத்தானோ, திரும்பி வந்து தன் போனை நீட்டினான். "இதைப் பாத்தீகளா? இன்னைக்குக் காலையில போட்டிருக்காக."

அதைத் தன் போனிலும் எடுத்துக்கொண்டு அவள் நீலக் கதவுக்குப் போனாள். செட்சுகோ துணிமணி எடுக்க வந்திருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். நீலத் துணியைக் கழுத்தில் கட்டி, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

"எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. இரத்தத்தில் கலந்துவிட்டது. இரண்டு வருடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்."

"ஏன் கொண்டுபோகல?"

"அவர் போனால் அறை காலி. காலியான அறைக்கு அழைப்பு வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாதாமாதம் வரும் டாக்டரை உள்ளே கூப்பிட்டாலும் அது அழைப்புத்தான்." கத்தரி நிற்காமல் ஓடியது. "ஒன்பது பேர். மூன்று வருடம். தினமும் காலையில் கண்ணாடிக்கு வெளியே வந்து எனக்கு வணக்கம் சொன்னார்கள். முள்ளங்கி கொடுத்தார்கள். மீன் கொடுத்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேனே."

ஜெசிந்தா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். "அவர் விழல, இல்லையா?"

செட்சுகோ நிறுத்தினாள்.

"ஏழு வருடமாக அவரை நான் தனியாகத்தான் தூக்குகிறேன்," என்றது கருவி, தட்டையான குரலில். "இறக்குவதும் நான்தான். மெதுவாகத்தான் இறக்கினேன். அவருக்கு வலிக்கவில்லை."

"என்னை ஏன்?" ஜெசிந்தா திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். "அத்தனை பேர் வந்தாங்களே, நா என்ன பண்ணேன்?"

"அவர்கள் கதவைப் படம் எடுக்க வந்தார்கள். நீ முடி வெட்டிக்கொள்ள வந்தாய். கூப்பிட்டால் நீ யோசிக்காமல் ஓடி வருவாய் என்று தெரிந்தது." அவள் சீப்பைத் துடைத்தாள். "நானாகக் கதவைத் திறந்துவிட்டு அந்த ஒன்பது முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ வெளியூர். உன்னை வெறுப்பது அவர்களுக்குச் சுலபம்."

ஜெசிந்தாவுக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. கழுத்தில் துணி இருந்தது, உட்கார்ந்தே இருந்தாள். ஆறு வருடம் தினமும் தன்னை உட்காரச் சொன்னவளிடம் என்ன கோபத்தைக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இவள் அவளே இல்லை என்பதும் தெரிந்திருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் மூன்று நாள் கருவிகளை மாட்டிக்கொண்டு யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசிவிட்டுப் போன ஒரு பெண், அவ்வளவுதான்.

முடி வெட்டி முடிந்ததும் ஜெசிந்தா போனை எடுத்து, கதிரேசன் தந்த படத்தைக் காட்டினாள். காட்டுவது நல்லதா என்று அவள் யோசித்தாள்தான். வேறு யாராவது காட்டி இவள் பார்ப்பதைவிட இது மேல் என்று பட்டது.

திரையில் பின்னறை. திரைச்சீலை திறந்து வெயில் உள்ளே விழுந்தது. கட்டில் இல்லை. ஜன்னலருகே இசாவோ நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், சதைப்பற்று, நரைத்த தலை வாரியிருந்தது. சுவரிலிருந்த பழைய புகைப்படங்களையும் நாற்பது நொடிப் படத்தையும் வைத்து ஒரே இரவில் செய்திருந்தார்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஜப்பானிய மொழியில் பேசினார். கருவி ஜெசிந்தாவுக்குச் சொன்னது: "கடல் இன்று அமைதியாக இருக்கிறது. தேநீர் அருந்துகிறீர்களா?"

செட்சுகோ திரையை நோக்கிக் குனிந்தாள்.

"இந்தக் குரல் அவருடையது அல்ல," என்றாள். நீலத் துணியை உதறிவிட்டு, "அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தேநீர் போட்டதில்லை," என்றாள். "தன்னைப் பதியக் கூடாது என்று கடைசி வரைக்கும் கையெழுத்துப் போடாமல் இருந்தவர்."

"நா கம்பெனிக்கு எழுதுதேன். எடுக்கச் சொல்லுதேன்."

செட்சுகோ ஜெசிந்தாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். விரலால் திரையைத் தொட்டாள். இசாவோ திரும்பிச் சிரித்து, கடல் அமைதியாக இருக்கிறது என்றார். மறுபடி தொட்டாள். மறுபடி சொன்னார். ஜெசிந்தா வெளியே போய்த் தெருவில் நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் போன் திரும்பி வந்தது.

அடுத்த பஸ் சனிக்கிழமை. போகிறவள் அவள் ஒருத்திதான். அந்த இரண்டு நாளும் நிஷிமுரா அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு வைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமை காலை அவள் பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸில் வைத்தார். கேமராவைத் திரும்ப வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். இனி அது யாருக்கும் தேவையில்லை.

அவள் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். வளைவு தாண்டிக் கடல் மறைந்த பிறகுதான் அவர் பேசினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இசாவோ எப்படி விழுந்தார்?"

"தெரியாது. நா போகும்போது தரையில கெடந்தார்."

"செட்சுகோ உன்னைக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டாங்க. பதறிப்போய்க் கூப்பிட்டாங்க. கேமராவைக் கழட்டச் சொல்ல அவங்களுக்குத் தோணல. எனக்குத்தான் தோணியிருக்கணும்."

பஸ் இரண்டு சுரங்கங்களைக் கடந்தது.

"நான் உள்ளே வந்தபோது தரையில் ஒரு தலையணை கிடந்தது," என்றார் நிஷிமுரா.

ஜெசிந்தா முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவர் கண்கள் ஒரு கணம் அவளைப் பார்த்தன. அந்த ஒன்பது பேரும் இன்னும் எண்பத்தேழு நாள் அந்த ஊரில் இருப்பார்கள். அப்புறம் எட்டாவது மாடியிலோ பத்தாவது மாடியிலோ அடுத்தடுத்த கதவுகளில் இருப்பார்கள். செட்சுகோவும் அங்கேதான் போக வேண்டும். இசாவோ இல்லாமல்.

"அதை நாதான் வச்சேன்," என்றாள். "தூக்குறதுக்கு முன்னாடி. தலை தரையில இடிக்குதேன்னு."

கருவி அதை அவருக்குச் சொல்லி முடித்தது. ரயில் நிலையம் வரைக்கும் அவர் சாலையையே பார்த்து ஓட்டினார். அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார். நேராக நின்று அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"நல்லது," என்று கருவி மொழிபெயர்த்தது. "செட்சுகோவாக இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தோம். இனிமேல் நாங்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் வாழ முடியும்."

அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். வண்டி யாரும் இல்லாமல் வந்த வழியே திரும்பிப் போனது.